கடைசியாக வாயில் போட்டது என்ன?

‘சாப்பிட்டாச்சா?’ என்ற கேள்விக்கு நம் ஊரில் யாரும் சரியான பதில் சொல்வதில்லை. பசியோடு வந்தவர் ‘ஆச்சுங்க’ என்பார். வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவர், கேட்டவர் மனம் கோணக்கூடாதே என்று ‘இனிமேதான்’ என்பார். அது நலம் விசாரிக்கிற முறை, அவ்வளவுதான். ஆனால் திருச்சியில் ஒரு மருத்துவமனையின் முதல் மாடியில், வராந்தாவின் கடைசி அறையில் வேலை பார்க்கும் அந்த டெக்னீஷியனுக்கு அதே கேள்விக்கு மணிக்கணக்கோடு பதில் வேண்டும். அதனால் அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார்.

“கடைசியா வாயில என்ன போட்டீங்க? எத்தனை மணிக்கு?”

இப்படிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். “ஒண்ணுமே சாப்பிடலீங்க மேடம். பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ, ஒரு பன்னு.” “வெறும் வயித்தோடதான் வந்தேன். சுகர் மாத்திரை போடணுமேன்னு ரெண்டே ரெண்டு இட்லி.” பன்னும் இட்லியும் இவர்கள் கணக்கில் சாப்பாடு இல்லை. அவர் கணக்கில் உண்டு. கோபப்படாமல் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவார். “மூணு மணி நேரம் கழியட்டும்யா. வெளியே பெஞ்சுல உட்காருங்க, நானே கூப்பிடுறேன்.”

சாப்பிட்டவுடன் குடலுக்கு ரத்தம் பாய்கிறது. அந்த ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குத்தான் வந்து சேர்கிறது. கல்லீரல் கொஞ்சம் புடைத்து இறுகும். அந்த இறுக்கத்தைத்தான் அவருடைய மெஷின் அளக்கிறது. தழும்பேறி இறுகிய ஈரலுக்கும் இரண்டு இட்லியால் இறுகிய ஈரலுக்கும் உள்ள வித்தியாசம் மெஷினுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் பக்கத்தில் நிற்கிற ஆள்.

மெஷினின் பெயர் ஃபைப்ரோஸ்கேன். சீட்டில் டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். நோயாளிகள் ‘லிவர் ஸ்கேன்’ என்பார்கள். ஒருமுறை செய்துகொண்டவர்கள் அடுத்தவருக்கு அடையாளம் சொல்லும்போது ‘அந்தத் தட்டுற ஸ்கேன்’ என்பார்கள். மூன்றிலும் பொருத்தமான பெயர் கடைசியில் சொன்னதுதான் என்பது அவர் எண்ணம்.

தட்டுவது அவருக்குப் புதிதல்ல. சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். அப்பா பலாப்பழ மண்டியில் இருந்தவர். சீசனில் லாரி லாரியாக வந்திறங்கும் பழங்களுக்கு நடுவே நடந்துகொண்டே, விரல் முட்டியால் ஒவ்வொன்றையும் தட்டிப் போவார். காய் என்றால் கணீரென்று கேட்கும். பழுத்தது என்றால் சத்தம் அமுங்கி, உள்ளுக்குள் போய்விடும். “இது இன்னைக்கு, இது நாளைக்கு, இது ரெண்டு நாள் தாங்கும்” என்று சொல்லிக்கொண்டே போவார். பின்னால் வரும் ஆள் சுண்ணாம்பால் குறி போடுவான். அறுத்துப் பார்க்காமல் உள்ளே இருப்பதைச் சொல்கிற வேலை உலகத்தில் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டது அங்கேதான்.

பிற்பாடு படித்தபோது, மருத்துவத்திலும் அந்த வித்தை ஏறக்குறைய அப்படியே நுழைந்தது என்று தெரிந்ததில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன் லியோபோல்ட் அவுயென்ப்ருகர். அப்பாவின் பீப்பாய்களைத் தட்டி, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து வளர்ந்த பையன் என்று சொல்வார்கள். டாக்டரான பிறகு நோயாளிகளின் மார்பை விரலால் தட்டி, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று கண்டுபிடித்தார். 1761-ல் அதை லத்தீனில் சிறு நூலாக எழுதினார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1808-ல் பாரிஸில் கோர்விஸார் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்த பிறகுதான் டாக்டர்கள் தட்டத் தொடங்கினார்கள். அந்தக் கோர்விஸாரிடம் படித்தவர் லென்னெக். ஸ்டெதஸ்கோப்பை உண்டாக்கியவர். கல்லீரல் சுருங்கிக் கரடுதட்டிப் போகும் நோய்க்கு ‘சிரோசிஸ்’ என்று 1819-ல் பெயர் வைத்தவரும் அவரே. அந்த ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்த பெயர். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து அந்த நோயைத் தட்டிக் கண்டுபிடிக்கும் மெஷினும் அதே பாரிஸில்தான் பிறந்தது.

அதற்கு முன்பு ஊசிதான்.

2007-ல் அவர் வேலைக்குச் சேர்ந்தது வேறொரு பெரிய நகரத்து மருத்துவமனையில். முதல் இரண்டு ஆண்டுகள் பயாப்சி அறையில் டாக்டருக்கு உதவி. கல்லீரலில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுப்பது பழைய முறை. 1883-லேயே பால் எர்லிக் செய்தார் என்று பாடத்தில் வரும். 1958-ல் இத்தாலியின் மெங்கினி, ஊசி ஈரலுக்குள் ஒரு நொடி மட்டுமே இருக்கும்படி செய்து காட்டிய பிறகு உலகமெங்கும் பரவியது. நொடி நேரம்தான் என்றாலும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் போய்விடும். முதலில் ரத்தம் உறையும் சோதனை. பிறகு மரத்துப்போக ஊசி. “மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க” என்பார் டாக்டர். விலாவுக்கு நடுவே ஊசி இறங்கும்போது நோயாளியின் இடது கை இவர் கையைப் பிடித்திருக்கும். அந்தப் பிடி அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. முடிந்ததும் வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கால் மணிக்கொரு முறை பிரஷர் பார்க்க வேண்டும். தோள்பட்டை வரை வலி ஏறும் சிலருக்கு. அபூர்வமாக உள்ளே ரத்தம் கசியும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்து என்று கையெழுத்து வாங்கும் படிவத்தைப் படித்துக் காட்டுவது அவருடைய வேலை. ‘அந்த ஒருத்தர் நான்தானா?’ என்ற கேள்வி எல்லா முகத்திலும் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது தீக்குச்சியைவிட மெலிந்த ஒரு துணுக்கு. கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. தழும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படர்வதில்லை. நல்ல இடத்தில் ஊசி இறங்கினால் நோய் குறைவாகத் தெரியும். கெட்ட இடத்தில் இறங்கினால் கூடுதலாகத் தெரியும். இதற்காக ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை குத்திப் பார்க்க முடியுமா? ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களும், சொரியாசிஸுக்கோ மூட்டு வாதத்துக்கோ வருடக்கணக்கில் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட வேண்டியவர்கள். ஒரு பயாப்சிக்கு வந்து போனவர்களில் பலர் இரண்டாவதுக்கு வரவே இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

மெஷின் வந்த அன்று அறையில் இருந்த எல்லாருக்கும் அது சின்னதாகத் தெரிந்தது. திரை, சிறு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் டார்ச் லைட் போல ஒரு புரோப். பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க்கின் ஆய்வுக்கூடத்து அலை ஆராய்ச்சியிலிருந்து முளைத்தது இது. லோரான் சாந்த்ரான் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் 2001-ல் எக்கோசென்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2003-ல் கல்லீரலில் இந்த முறை வேலை செய்கிறது என்ற கட்டுரை வந்தது. ஐரோப்பாவில் அப்போதே புழக்கத்துக்கு வந்துவிட்ட மெஷினுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது 2013-ல்தான்.

செய்கிற காரியம் என்னவோ எளிதுதான். புரோப்பின் நுனி தோலை ஒரே ஒருமுறை சுண்டுகிறது. ஐம்பது ஹெர்ட்ஸ் அதிர்வு. விரலால் சுண்டியது போலத்தான் நோயாளிக்குத் தெரியும். அந்தச் சுண்டலில் பிறக்கும் குறுக்கலை, குளத்தில் அலை போவது போல ஈரலுக்குள் போகிறது. அதே நுனியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அந்த அலையைத் துரத்திக்கொண்டு போய் வேகத்தைக் குறிக்கிறது. மெத்தென்ற ஈரலில் அலை தயங்கித் தயங்கிப் போகும். இறுகிய ஈரலில் விரைந்து ஓடும். வேகத்தை வேகத்தால் பெருக்கி, அதை மூன்றால் பெருக்கினால் கிலோபாஸ்கல் கணக்கில் விறைப்பு வந்துவிடும். நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் 3. இரண்டு மீட்டர் என்றால் 12. மூன்று என்றால் 27. ஐந்து மீட்டர் என்றால் 75; மெஷின் காட்டும் உச்சம் அது. நல்ல ஈரல் பெரும்பாலும் 5-ஐ ஒட்டி நிற்கும். ஒரு விரல் அகலம், நாலு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தூணளவு ஈரலை ஒரு தட்டு அளந்துவிடுகிறது. ஊசி எடுத்த துணுக்கைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு.

ஊசிக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்த ஒரு லாரி டிரைவரை அவரால் மறக்க முடியாது. பத்துத் தட்டும் முடிந்து ஜெல்லைத் துடைத்துவிட்டு “எழுந்திரிங்கண்ணே” என்றபோது, “ஊசி எப்பம்மா போடுவீங்க?” என்று கேட்டார். ஊசியே கிடையாது என்று சொன்னதும் சட்டையைக்கூடப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாலு வருடத்துக்கு முன்பு டாக்டர் பயாப்சி எழுதிக் கொடுத்ததும் பயந்து ஓடிப் போனவராம். அந்த நாலு வருடத்தில் அவர் ஈரல் என்ன ஆகியிருந்தது என்பதைத் திரை காட்டியது: 21.

எளிது என்றது மெஷினின் பங்கை. கையின் பங்கு எளிதல்ல. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். வலது காலை இடது காலின் மேல் போடச் சொன்னால் உடம்பு லேசாக வளைந்து விலா இடைவெளி விரியும். நெஞ்செலும்பு முடியும் மட்டத்திலிருந்து விரலைப் பக்கவாட்டில் கொண்டுபோய், அக்குளுக்கு நேர் கீழே, இரண்டு விலாவுக்கு நடுவே உள்ள பள்ளத்தைத் தேட வேண்டும். புரோப் தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் அலை கோணலாகப் போகும். அழுத்தம் கூடினாலும் கூடாது, குறைந்தாலும் கூடாது. அழுத்தம் சரியாக இருந்தால் திரையில் பச்சைக் கோடு வரும். பச்சை வந்த பிறகுதான் பொத்தான்.

இதில் புத்தகம் சொல்லாதவை நிறைய. சர்க்கரை நோய்க்காரர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம். கொழுப்புக் கல்லீரலுக்காக அனுப்பப்படுகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள்தானே. கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னால் காது வரை வந்து நின்றுவிடும், முகம் சுளிக்கும். அவர்களுக்காக ஒரு தலையணையை மடித்து வைத்திருக்கிறார். கை அதன் மேல் தூங்கட்டும், விலாவை நான் தேடிக்கொள்கிறேன் என்பார். சேலை கட்டிய பாட்டிமார்களுக்கு வேறு சங்கடம். ஜாக்கெட்டின் கீழ்க் கொக்கியைக் கழற்றச் சொன்னாலே எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு துண்டைப் போர்த்தி, துண்டுக்கு அடியில் கையை மட்டும் விட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டார். எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்கு விலா இடைவெளி குறுகல். புரோப் எலும்பில் மோதும். பருத்தவர்களுக்கு அலை கொழுப்பைக் கடந்து ஈரலைத் தொடுவதற்குள் களைத்துவிடும். தோலிலிருந்து ஈரல் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் சாதாரண எம் புரோப்பை வைத்துவிட்டு எக்ஸ்.எல். புரோப்பை எடுக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு படம் விழும்: கீழ்நோக்கிச் சரியும் ஒரு கோடு. கோடு நேராக, ஒரே சரிவாக இருந்தால் அது நல்ல தட்டு. ஈரல் இறுக இறுகக் கோடு செங்குத்தாகும். பல நேரம் எண் வருவதற்கு முன்பே கோட்டைப் பார்த்து அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது முகத்தில் தெரியக்கூடாது. நோயாளி திரையைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்க்கிறார். இந்தத் தொழிலில் அவர் கடைசியாகக் கற்றுக்கொண்ட பாடம் அது, மிகவும் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டதும் அதுதான்.

சரியான பத்துத் தட்டுகள் வேண்டும். பத்திலும் நடுவே நிற்கும் எண்தான் விடை. பத்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் மெஷின் சொல்லும். சிதறல் நடு எண்ணில் முப்பது சதவீதத்தைத் தாண்டினால், இறுகிய ஈரல் என்று அந்த எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. திரும்பப் படுக்கவைத்து, இடம் மாற்றி, மறுபடியும் எடுப்பார். வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் எடுப்பார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு பையன்.

பயாப்சி அறையிலிருந்து மெஷினுக்கு மாறி இரண்டாவது வருடம். அவனுக்கு இருபத்து மூன்று வயது, மஞ்சள் காமாலை. ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்திருந்தான். முழுப் பரிசோதனை என்று எழுதப்பட்டிருந்த சீட்டில் இந்த ஸ்கேனும் இருந்தது. அவர் ரத்தச் சோதனை முடிவைக் கேட்கவில்லை. சீட்டில் எழுதியிருக்கிறது, எடுத்துக் கொடுப்போம் என்ற பழக்கம். பத்துத் தட்டும் ஒழுங்காக விழுந்தன. சிதறலும் குறைவு. எண் 16.8. அங்கே அச்சாகிற ரிப்போர்ட்டில் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகும் ஒரு பட்டை இருக்கும். அம்புக்குறி சிவப்பில் போய் நின்றது. எஃப் 4, சிரோசிஸ்.

ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுவதற்கு முன்பே அவன் அக்கா போனில் தேடிப் பார்த்துவிட்டாள். அன்று மாலைக்குள் குடும்பத்துக்கே தெரிந்துவிட்டது. பையனுக்கு நிச்சயம் ஆகியிருந்தது, அதை நிறுத்திவைத்தார்கள். குடிப்பானோ என்று பெண் வீட்டில் பேச்சு கிளம்பியது. அம்மா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு ஊருக்குப் போனார். கடைசியில் பார்த்த டாக்டர் முதலில், ஈரல் அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான எஸ்.ஜி.பி.டி.யைக் கேட்டார். ஆயிரத்துக்கு மேலே இருந்தது. ஹெபடைட்டிஸ் ஏ. வைரஸ் தாக்கி ஈரல் வீங்கி வெந்துகொண்டிருக்கும்போது விறைப்பை அளந்தால் எண் ஏறத்தான் செய்யும்; அதற்கும் தழும்புக்கும் சம்பந்தமில்லை. மூன்று மாதம் கழித்துப் பையன் அதே கட்டிலில் வந்து படுத்தான். 5.2.

“மெஷின் தப்பா காட்டிடுச்சா மேடம்?” என்று அவன் கேட்டான். மெஷின் தப்பாகக் காட்டவில்லை, கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை என்று அவனிடமே சொன்னார். அவன் அம்மாவிடமும் சொன்னார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு அவர் மேஜையில் ஒரு நோட்டு வந்தது. கட்டிலில் ஏறும் முன் கேட்க வேண்டியவை. எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு? மேல் வரம்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் என்றால் டாக்டருக்குப் போன். கண் மஞ்சளா? பித்த நாளத்தில் அடைப்பு இருந்தாலும் எண் ஏறும். கால் வீங்கியிருக்கிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா? இதயம் தளர்ந்தவர்களுக்கு ரத்தம் பின்னோக்கித் தேங்கி ஈரல் புடைக்கும். லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு 30-க்கு மேல் காட்டியது. இதயத்துக்கு மருந்து கொடுத்து நீர் வற்றிய பிறகு எடுத்ததில் பாதியாகக் குறைந்தது. நேற்று குடித்தீர்களா? இந்தக் கேள்வியைக் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பார். மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எந்த ஆணும் உண்மை சொன்னதில்லை.

வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு எண்ணே வராது. குறுக்கலை நீரில் நடக்காது. எத்தனை முறை அழுத்தினாலும் திரை வெறுமையாக நிற்கும். அதைக் கண்டதும் புதிதாக வந்தவர்கள் மெஷினைச் சந்தேகப்படுவார்கள். அவர் புரோப்பை எடுத்து வைத்துவிட்டு, ரிப்போர்ட்டில் ‘அளக்க இயலவில்லை, நீர்’ என்று மட்டும் எழுதுவார். அந்தக் கட்டத்தில் ஈரலின் நிலை தெரிய எண் தேவைப்படுவதில்லை.

முதல் ஆண்டுகளில் வந்தவர்களில் அதிகம் பேர் குடியால் வந்தவர்கள், ஹெபடைட்டிஸ் பி, சி. இப்போது வரிசை மாறிவிட்டது. கொழுப்புக் கல்லீரல்தான் முதலில் நிற்கிறது. 2010-ல் வந்த காப் என்ற அளவும் அதே தட்டில் கிடைத்துவிடுகிறது: கொழுப்பு கூடக் கூட அல்ட்ராசவுண்ட் மங்கும், எவ்வளவு மங்குகிறது என்பதை நூறிலிருந்து நானூறு வரை ஒரு எண்ணாகச் சொல்லும். “நான் டாஸ்மாக் வாசலை மிதிச்சதில்லையே, எனக்கு எப்படி?” என்று கேட்காத நாளில்லை. ‘ஆல்கஹால் இல்லாத’ என்ற அடைமொழியோடு இருந்த அந்த நோயின் பழைய பெயரே அவருக்கு ஒருவிதத்தில் உதவியாக இருந்தது. நோயாளிகள் அதை மாமியார் வீட்டாருக்குக் காட்டலாம். 2023-ல் உலகமெங்கும் பெயரை மாற்றிவிட்டார்கள். உடம்பின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் என்பது புதுப் பெயரின் பொருள். அறிவியலுக்கு அதுதான் சரி.

பருத்தவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்ற நினைப்பும் அவர் கட்டிலில் தினம் உடைகிறது. மேற்கு வங்கத்துக் கிராமங்களில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வு புகழ்பெற்றது: கொழுப்புக் கல்லீரல் கண்டவர்களில் நான்கில் மூன்று பேர் பருமன் இல்லாதவர்கள். மெலிந்த கை கால், லேசாகத் தள்ளிய வயிறு. நம் தெருவில் நடக்கும் பாதி ஆண்களின் உடல்வாகு அதுதானே. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கான தேசியத் திட்டத்தோடு இந்த நோயையும் சேர்த்தது. அப்போது வந்த வழிகாட்டியில், நாட்டு மக்களில் 9 முதல் 32 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்ற மதிப்பீடு இருந்தது.

ஆனால் அத்தனை பேரையும் அவர் கட்டிலில் ஏற்றத் தேவையில்லை. இதை அவர் அழுத்திச் சொல்கிறார். வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகிய நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2006-லிருந்து புழக்கத்தில் உள்ளது. எந்தச் சிற்றூர் லேபிலும் கிடைக்கும் எண்கள். விடை 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலானவர்களுக்கு இந்த ஸ்கேனே வேண்டாம். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் அந்த வரம்பு 2. அதற்கு மேலே போனவர்களுக்குத்தான் தட்டிப் பார்க்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு, காலையில் பொங்கலும் வடையும் கொடுத்து உட்காரவைத்து, வரிசையாக அளந்து சீட்டுக் கொடுப்பதை ஒருமுறை பார்த்தார். ஒருவருக்கொருவர் பரீட்சை மார்க் போல எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அங்கே எத்தனை பேர் தேவையில்லாமல் பயந்து வீட்டுக்குப் போனார்கள் என்ற நினைப்பு அவரை இன்னும் உறுத்துகிறது.

மெஷினால் தப்பித்தவர்களையும் சொல்ல வேண்டும். சிரோசிஸ் உள்ள எல்லாருக்கும் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்ப்பது வழக்கமாக இருந்தது. நோய் இன்னும் முற்றாதவர்களில், விறைப்பு 20-க்குக் கீழே, பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலே இருந்தால் அந்தக் குழாயை விழுங்க வேண்டியதில்லை என்று 2015-ல் பவேனோ கூட்டத்தில் நிபுணர்கள் முடிவெடுத்தார்கள். 18 என்று எண் வந்து முகம் வாடியவரிடம் டாக்டர் இதைச் சொல்லும்போது, அந்த எண்ணே நல்ல செய்தியாகிவிடும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. மூலம் இதே அலையைப் படமெடுக்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிறந்தது. 1995-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அதன் முதல் கட்டுரையில் முதல் பெயர் முத்துப்பிள்ளை. ஒரு மாநாட்டில் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக் காட்டியதாகச் சொல்கிறார். செலவு அதிகம்; எல்லா ஊரிலும் கிடைக்காது. மாவட்டத்து நோயாளிக்கு இந்தச் சுண்டலே போதுமானது, சுண்டுகிறவர் ஒழுங்காக இருந்தால்.

போன கார்த்திகையில் அப்பா வந்தார். எழுபத்தாறு வயது, பதினெட்டு வருடச் சர்க்கரை. ஃபிப்-4 கணக்கு 2-ஐத் தாண்டியிருந்தது; டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவரும் வெளியே பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்து, கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

“கடைசியா வாயில என்ன போட்டீங்கப்பா?”

“நேத்து ராத்திரி ரெண்டு தோசை. நீதான் காலையில ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டியே.”

வலது கை காதோடு நின்றுவிட்டது. மடித்த தலையணையை வைத்தார். விலாவைத் தேடிப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார். ஜெல்லின் குளிர்ச்சிக்கு ஒருமுறை உடம்பு சிலிர்த்தது. முதல் தட்டு விழுந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார்.

“தட்டுறியா?”

“ஆமாம்பா.”

“எத்தனை?”

“பத்து.”

“நான் ரெண்டு தட்டுல சொல்லிடுவேன்” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். எட்டாவது தட்டில் கோடு கலைந்தது, மெஷின் ஏற்கவில்லை. இடத்தைக் கொஞ்சம் மாற்றி எடுத்தார். நடு எண் 9.1. சிதறல் பன்னிரண்டு சதவீதம்.

எட்டுக்குக் கீழே என்றால் நிம்மதியாக அனுப்பலாம். பன்னிரண்டுக்கு மேலே என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். 9.1 நடுவில் நிற்கிற எண். டாக்டர் பார்ப்பார், ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்வார், சர்க்கரையை இறக்கச் சொல்வார். அப்பா அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடமாக எத்தனையோ பேர் பார்த்த முகம். அப்பாவுக்கு அது எவ்வளவு செல்லுபடியாகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

“என்னம்மா, தாங்குமா?”

“தாங்கும்பா. பார்த்துக்கிட்டா நல்லாவே தாங்கும்.”

அவர் விலாவைத் துடைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். அப்பா கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே கால்.

“இப்போ சாப்பிடலாமா பாப்பா?”

மேஜைக்கு அடியில் இருந்த பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து அவர் மடியில் வைத்தார்.